ஒரு குறி குறைந்தால்

‘பணம்’ என்னும் சொல்லில் மேல்விலங்கு ஒன்று கூடிவிட்டால் அது ‘பிணம்’ ஆகிவிடும். ஆதலால் நான் செய்த மொழிபெயர்ப்பை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்ட பின்னரே அச்சுக்கு அனுப்புவது வழக்கம்.

கணினியை இயக்கும் லினக்ஸ் என்னும் மென்பொருளுக்கும் இவ்விதி உண்டு. 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதன் நிரலை எவரும் படிக்கலாம்; திருத்தமும் அனுப்பலாம். பொறுப்பாளர் படித்து இசைந்தால்தான் அத்திருத்தம் மூலத்தில் ஏறும்.

2003 நவம்பரில், அந்நிரலின் நகல் ஒன்றில் இரண்டு வரிகள் புதிதாய்த் தோன்றின. ‘சமமா?’ என்று வினவ இரண்டு சமக்குறிகள் வேண்டும். அங்கே ஒன்றுதான் இருந்தது. வினா கட்டளையாயிற்று! குறிப்பிட்ட முறையில் அதனை அழைப்பவர் எவராயினும், கணினியின் தலைமை அதிகாரம் அவர் கைக்குப் போய்விடும். பார்வைக்கோ அது வெறும் எழுத்துப்பிழை.

மூலத்தோடு ஒப்பிட்டபோது, அவ்வரிகளுக்கு ஒப்புதல் பெற்ற பதிவே இல்லை என்பது வெளிப்பட்டது. அவை நீக்கப்பட்டன.

பெரிய மாற்றத்தைப் பலரும் உற்று நோக்குவர். சிறியதைக் கண் தாண்டிச் செல்லும். ஆகவே, சிறு திருத்தத்தைச் சரிபார்ப்பவர் தோளில் இருப்பது சிறு பொறுப்பன்று.