செய்தி வந்து சேர்ந்த நாள்



சில காலத்துக்கு முன் உயர்தர வகுப்பில் மரூஉ மொழியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். 'அருமருந்தன்ன பிள்ளை' என்பது மக்கள் நாவில் தேய்ந்து 'அருமந்த பிள்ளை' ஆன கதையைச் சொன்னேன். "பிற மொழிகளிலும் இப்படி உண்டா, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். கரும்பலகையில் 'யூன்ரீன்த்' என்று எழுதினேன். யூன் என்ற மாதப் பெயரும், பத்தொன்பதாவது என்று பொருள்படும் 'நைன்ரீன்த்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒன்றாய்த் தேய்ந்து பிறந்த சொல் அது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் அடிமைத்தளை அறுந்ததை நினைந்து கொண்டாடும் திருநாளின் பெயர்.

உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 சனவரி 1 ஆந் திகதி, கிளர்ச்சியில் இருந்த தென் பகுதிகளின் அடிமைகள் யாவரும் விடுதலை பெற்றனர் என ஏபிரகாம் லிங்கன் பிரகடனஞ் செய்தார். ஆனால் போர்முனைக்குத் தொலைவிலிருந்த ரெக்சாஸ் மாநிலத்தில் அதனை நடைமுறைப்படுத்தப் படை இருக்கவில்லை. 1865 யூன் 19 ஆந் திகதியே ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் கல்வெஸ்ரன் துறைமுக நகரில் விடுதலைக் கட்டளையை வெளியிட்டார். அம்மாநிலத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் அடிமைகள் இருந்தனர். சட்டப்படி விடுதலையான பின்னரும் இரண்டரை ஆண்டுகள் அவர்கள் பருத்தி வயல்களில் கூலியின்றி உழைத்திருந்தனர். கட்டளை வந்த பின்னுங்கூட, அறுவடை முடியட்டும் என்று செய்தியை மறைத்த எசமானர்களும் இருந்தனர்.

"அப்படியென்றால் சனவரி முதலாந் திகதியையல்லவா கொண்டாட வேண்டும்? பிந்தி வந்த நாளை ஏன் கொண்டாடுகிறார்கள்?" என்று அந்த மாணவன் மீண்டும் கேட்டான்.

நல்ல கேள்வி. சட்டம் எழுதப்பட்ட நாள் அரசுக்குரியது. அது செவிக்கு எட்டிய நாளே அந்த மக்களுக்குரியது. அடுத்த ஆண்டே, 1866 இல், அவர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டனர். தேவாலயங்களில் கூடித் தொழுதனர், விடுதலைப் பிரகடனத்தை உரத்து வாசித்தனர், முதியோர் தாம் பட்டதை இளையோருக்குச் சொல்லக் கேட்டனர், பாடினர், கூடியிருந்து உண்டனர். சிந்திய இரத்தத்தின் நினைவாகச் செந்நிறப் பானமும் பண்டமும் இன்றும் அவ்விருந்தில் இடம்பெறுகின்றன. கூடிக் கொண்டாடத் தமக்கென ஓர் இடம் வேண்டுமென்று, அடிமைகளாயிருந்தவர்கள் காசு சேர்த்து, 1872 இல் ஹூஸ்ரன் நகரில் பத்து ஏக்கர் காணி வாங்கினர். அது 'விடுதலைப் பூங்கா' என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது.

ரெக்சாஸ் அரசு அந்நாளை விடுமுறையாக ஏற்றுக் கொண்டாடியது 1980 இல். நாடு முழுவதும் ஏற்க வேண்டுமென்று ஓப்பல் லீ என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை 2016 இல், தமது 89 ஆவது வயதில், வாஷிங்ரனை நோக்கி நடைபயணம் தொடங்கினார். ஊருக்கு ஊர் அவர் நடந்த தூரம் இரண்டரை மைல்; செய்தி பிந்திய ஆண்டுகளின் கணக்கு அது. 2021 இல் அந்நாள் தேசிய விடுமுறையாயிற்று. மக்கள் கொண்டாடத் தொடங்கி 155 ஆண்டுகள் கழித்து அரசு வந்து சேர்ந்தது.

நேயர்களே, இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எங்கள் தேசவழமைச் சட்டத்திலும் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. ஒழிப்புச் சட்டம் வந்து 124 ஆண்டுகளுக்குப் பின்னரும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டு மக்கள் நிற்க வேண்டியிருந்தது.

1844 இல் என்ன நடந்தது என்று வகுப்பில் கேட்டேன். எவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறைகூற எனக்கு வாயில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நானல்லவா?

அம்மக்களின் நாவில் ஒரு நாள் மரூஉவாகத் தேயும் அளவுக்குப் புழங்கியிருக்கிறது. எங்கள் நாவில் அந்த நாளுக்கு ஒரு பெயரே இல்லை.