புத்தகக் கடையில் ஓர் இசையரங்கு



அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரின் கிளென்பார்க் பகுதியில், 1999-ஆம் ஆண்டு ஒரு புத்தகக் கடை தோன்றியது. அதன் பெயர் 'பேர்ட் அண்டு பெக்கெட்'. ஜாஸ் இசை மேதை சார்லி பார்க்கரை இரசிகர்கள் 'பேர்ட்' என்றே அழைத்தனர்; பெக்கெட், 1969-இல் நோபல் பரிசு பெற்ற அயர்லாந்து எழுத்தாளர். இசையும் எழுத்தும் பெயரிலேயே கைகோத்து நிற்கின்றன.

2002 முதல் அங்கு வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஜாஸ் கச்சேரி நடைபெறலாயிற்று. புத்தக அடுக்குகளுக்கு நடுவே கலைஞர்கள் வாசிப்பர்; அக்கம்பக்கத்தார் அருகமர்ந்து கேட்பர். ஒரு மெட்டை எடுத்துத் தம் கற்பனையால் அவ்வப்போதே விரித்துச் செல்வது ஜாஸின் இயல்பு. நம் கச்சேரிகளில் வரும் கற்பனைஸ்வரத்தை ஒருவாறு ஒத்தது. அவ்விசை ஏட்டைப் பார்த்து வளர்வதன்று. கேட்போர் முன்னிலையில் வளர்வது.

2020-இல் கொள்ளைநோயால் ஊரே அடங்கியபோதும் இசை ஓயவில்லை. இணையவழியே இல்லந்தோறும் சென்றது. நேயர்களின் நன்கொடை துணைநின்றது.

இதனை ஏன் இங்கே கூறுகிறோம்? ஆண்டு விழாவன்று நம் மண்டபம் நிறைகிறது. மறுவாரமே நம் படிப்பகத்தில் நாற்காலிகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. தமிழ் வகுப்பிலோ பிள்ளைகள் நால்வரோ ஐவரோதான். ஒருநாள் விழாவினால் மொழி நிலைக்குமா? வாரத்தில் ஒரு மாலை, பிள்ளைகளுடன் சங்கத்திற்கு வாருங்கள். மழையாயினும் குளிராயினும் விளக்கேற்றிக் காத்திருப்பது எங்கள் பொறுப்பு.