இரும்புச்சத்து: கையிருப்பும் கிடங்கும்

சென்னைக் கப்பல் தாமதமானாலும் போர்ட் பிளேர் கடைகளில் அரிசி உடனே தீர்ந்துவிடாது. கிடங்குதான் முதலில் காலியாகும். உடம்பில் இரும்புச்சத்தும் அப்படித்தான். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிவது ஹீமோகுளோபின், அதாவது கடை இருப்பு. கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை; கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11.

கிடங்கைக் காட்டுவது ஃபெரிட்டின். பெரியவர்களுக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியிருந்தும் ஃபெரிட்டின் வற்றியிருக்கலாம். "ரிப்போர்ட் நார்மல்" என்று சொல்லப்பட்ட பிறகும் படியேறினால் மூச்சு வாங்குகிற பெண்களின் சோர்வைச் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். ஃபெரிட்டினும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நம் தீவுகளில் இன்னொன்றும் கவனிக்கணும். மலேரியாவோ வேறு காய்ச்சலோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறிக் காட்டும்; உள்ளே குறை இருந்தாலும் மறைந்துவிடும். அதனால்தான் நோய்த்தொற்று உள்ள பெரியவர்களுக்கு 70 என்ற உயர்ந்த அளவுகோல். சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை தந்தால் டீயோடு விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறு நல்லது. ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கிடங்கு நிரம்ப இன்னும் சில மாதம் வேண்டும்.