கோழித் தீவனத்திற்குச் சோளம்: சத்தைக் கணிப்பது எப்படி?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கோழி வளர்ப்பில் ஆகும் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே போகிறது. அந்தத் தீவனத்தில் ஏறத்தாழப் பாதி, எரிசக்தி தரும் தானியம். வழக்கமாக அந்த இடம் மக்காச்சோளத்திற்கு உரியது. மக்காச்சோளம் விலை ஏறும்போது, சோளத்தின் பக்கம் பண்ணையாளர்களின் கவனம் திரும்புகிறது. மானாவாரியில் சோளம் விளைவிக்கும் உழவருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் தானியம் சிவப்பாக இருந்தால், "இது கோழிக்கு ஆகாது" என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்பவர்களும் உண்டு. நிறத்தைப் பார்த்துச் சத்தைச் சொல்ல முடியுமா? முடியாது. எதைப் பார்த்துச் சொல்லலாம் என்பதே இன்றைய பேச்சு.

துவர்ப்பே முதல் கேள்வி

சோளத்தின் தீவன மதிப்பைக் குறைக்கும் முக்கியமான பொருள் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருளாகும். இது தானியத்தின் வெளித்தோலில் இல்லை. வெளித்தோலுக்கும் உள்ளே உள்ள மாவுப் பகுதிக்கும் இடையில் சில சோள வகைகளில் ஒரு பழுப்புநிற உள்தோல் இருக்கும். டானின் தங்கியிருப்பது அங்கேதான். உள்தோல் இல்லாத சோளத்தில், வெளித்தோல் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் டானின் தொல்லை இல்லை. அதேபோல வெளுத்த தோலின் கீழ் பழுப்பு உள்தோல் மறைந்திருப்பதும் உண்டு. கதிர் முற்றும்போது மழை பெய்து, உமியின் சாயம் இறங்கிய வெள்ளைச் சோளமும் கறுத்துத் தோன்றும். ஆகவே நிறம் நம்பத் தகுந்த சாட்சி அல்ல.

டானின் செய்யும் கேடு என்ன? அது தீவனத்தில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. செரிமான நொதிகளின் வேலையையும் தடுக்கிறது. கோழி தின்கிறது, ஆனால் தின்றது முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. குஞ்சுகளின் வளர்ச்சி குன்றும். டானின் மிகுந்த தீவனத்தால் குஞ்சுகளுக்குக் கால் வளைவதும் உண்டு. இத்தகைய சோளத்தைப் பால் பிடிக்கும் பருவத்தில் பறவைகள் அதிகம் தொடுவதில்லை. வயலில் பயிரைக் காக்கும் அதே குணம் பண்ணையில் நட்டத்தைத் தருகிறது.

கணக்கு சொல்வது என்ன?

ஆய்வுக்கூடத்தில் தானியத்தின் ஈரம், புரதம், கொழுப்பு, நார், சாம்பல் ஆகியவற்றை அளந்து, எஞ்சியதை மாவுச்சத்து எனக் கொள்வர். கோழிக்குக் கிடைக்கும் எரிசக்தியை இவற்றிலிருந்து கணக்கிடலாம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994-ல் வெளியிட்ட கோழிகளின் சத்துத் தேவை பற்றிய நூலில், இதற்கு இரண்டு தனித்தனிக் கணக்குகள் தரப்பட்டுள்ளன.

டானின் 0.4 விழுக்காட்டிற்குக் குறைவானால், புரத விழுக்காட்டை 31.02 ஆலும், கொழுப்பை 77.03 ஆலும், மாவுச்சத்தை 37.67 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். டானின் 1 விழுக்காட்டிற்கு மேலானால், இதே வரிசையில் 21.98, 54.75, 35.18 ஆகியவற்றால் பெருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஈரம் 11, புரதம் 10, கொழுப்பு 3, நார் 2, சாம்பல் 2 விழுக்காடு. மீதி மாவுச்சத்து 72 விழுக்காடு. முதல் கணக்கின்படி ஒரு கிலோ தானியத்தில் ஏறத்தாழ 3,254 கிலோ கலோரி கிடைக்கும். இரண்டாவதன்படி 2,917 கிலோ கலோரிதான். சத்துப் பகுப்பாய்வுத் தாளில் இரண்டும் ஒரே சோளம். கோழியின் வயிற்றில் இரண்டும் வேறு. 100 கிலோ வாங்கியவருக்கு 10 கிலோ குறைந்ததற்கு இது சமம். ஆகவே டானின் உண்டா இல்லையா என்று தெரிந்த பிறகே மற்றக் கணக்கைப் போட வேண்டும்.

வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

1. சுரண்டிப் பார்த்தல்: நன்கு காய்ந்த தானியத்தின் வெளித்தோலைக் கூரிய கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். கீழே பழுப்புப் படலம் தெரிந்தால் டானின் உண்டு. நேரே வெள்ளை மாவுப் பகுதி தெரிந்தால் இல்லை. பல தானியங்களைப் பார்க்க வேண்டும்.

2. சலவைத் திரவச் சோதனை: 3.5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள சலவைத் திரவம் 100 மில்லியில் 5 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைக்கவும். கண்ணாடிப் பாத்திரமே ஏற்றது. அலுமினியப் பாத்திரம் கூடாது. உடையாத 100 தானியங்களை அதில் மூழ்க விட்டு, இடையிடையே அசைத்து, 20 நிமிடம் வைக்கவும். பிறகு திரவத்தை வடித்து, நீரில் அலசி, காகிதத்தில் பரப்பவும். டானின் உள்ள தானியம் முழுவதும் கறுத்திருக்கும். டானின் இல்லாதது வெளுத்துவிடும். கறுத்தவற்றை எண்ணினால் நூற்றுக்கு எத்தனை என்று தெரியும். அமெரிக்கத் தானியத் தர விதிகளில், சாதாரணச் சோளத்தில் டானின் தானியம் 3 விழுக்காட்டிற்கு மேல் கலந்திருக்கக் கூடாது.

எச்சரிக்கை: காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். கையுறை, கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அமிலம், வினிகர் எதையும் இத்திரவத்துடன் சேர்க்காதீர்கள். குழந்தைகளை அண்ட விடாதீர்கள். சோதித்த தானியத்தைக் கோழிக்குப் போடாமல் புதைத்துவிடுங்கள்.

இச்சோதனை டானின் உண்டா என்பதை மட்டுமே சொல்லும். அளவை அறிய ஆய்வுக்கூடமே வழி.

மற்றவையும் கவனத்திற்கு

ஈரம் மிகுந்த தானியத்தில் நீருக்கும் விலை கொடுக்கிறோம். 16 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோவில் உலர்பொருள் 84 கிலோதான். 11 விழுக்காட்டில் அது 89 கிலோ. பூசணம் பிடித்த தானியத்தில் நச்சு உண்டாகக்கூடும். அதை டானின் சோதனை காட்டாது. அதைத் தீவனத்தில் சேர்க்கவே கூடாது.

புரத விழுக்காடு கூடிவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். தழைச்சத்து உரம் அதிகம் பெற்ற பயிரில் புரதம் கூடும். ஆனால் அதில் பெருகுவது பெரும்பாலும் லைசின் குறைந்த கஃபிரின் என்ற புரதம். சோளத்தில் லைசின் சுமார் 0.2 விழுக்காடே. அதைச் சோயாப் பிண்ணாக்கு, மீன்தூள் போன்றவற்றால் ஈடுகட்ட வேண்டும். மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறமிகளும் சோளத்தில் மிகக் குறைவு. எனவே மஞ்சள்கரு வெளுக்கும். குதிரைமசால் இலைத்தூள் சிறிதளவு சேர்த்தால் நிறம் வரும்.

டானின் இல்லாத, நன்கு காய்ந்த சோளத்தை, மற்றச் சத்துகளைச் சரிக்கட்டி, மக்காச்சோளத்திற்குப் பதிலாகத் தாராளமாகப் பயன்படுத்தலாம். டானின் மிகுந்ததை இளங்குஞ்சுகளுக்குத் தவிர்த்து, வளர்ந்த கோழிகளுக்குச் சிறிதளவே கலக்க வேண்டும்.

உழவர் பெருமக்களே, சோளத்தை விற்குமுன் வயல்வாரியாக, இரகவாரியாகத் தனித்தனியே சோதித்து வையுங்கள். இரகங்களை ஒரே குவியலில் கலக்காதீர்கள். சிவப்பு என்று விலை குறைப்பவரிடம், வெளுத்த தானியங்களைக் காகிதத்தோடு காட்டுங்கள். வாங்குபவராக இருந்தாலும் இதே சோதனையைச் செய்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.