ஓடும்போதே வளரும் கண்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இஞ்சினியருக்கு மீன் கண்ணில் என்னய்யா வேலை?" என்று செயலாளர் கேட்டார். ஓடுகிற ஆலையை ஒரு நாளும் நிறுத்தாமல் விரிவாக்கு என்றால் நமக்கு எவ்வளவு தலைவலி! தங்கமீனின் கண் அதை வாழ்நாள் முழுக்கச் செய்கிறது.

நமது விழித்திரையில் நரம்பு செல்கள் உருவாகும் வேலை ஏறக்குறையப் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். மீனுக்கு உடம்போடு கண்ணும் வளரும். விழித்திரையின் விளிம்பில் இருக்கும் மூல செல்கள், மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி, புதுப்புது வளையமாக நரம்பு செல்களைச் சேர்த்துக்கொண்டே போகும். நடுப்பகுதி குஞ்சாக இருந்தபோது உண்டானது. அது இழுபட்டு விரியும்போது, நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் தள்ளித் தள்ளிப் போய்விடும். மங்கிய வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் மட்டும் இடையிடையே புதிதாக முளைக்கும். அவற்றின் நெருக்கம் குறையாது.

எனக்குப் பிடித்தது வயரிங்தான். விழித்திரை வளையமாக வளர்கிறது. அதன் செய்தியை வாங்கும் மூளைப்பகுதியான டெக்டமோ பின்பக்கம் பிறை பிறையாக வளர்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? பழைய நரம்பிழைகள் தங்கள் நுனிகளை மெல்ல மெல்லப் பின்னால் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஈஸ்டர், ஸ்டூர்மர் இருவரும் 1984-இல் தங்கமீனில் இதற்குச் சான்று காட்டினார்கள். இத்தனைக்கும் நடுவில் மீன் இரை பிடிப்பதை நிறுத்துவதில்லை. ஷட்டவுனே கிடையாது!

விழித்திரை சேதமானாலும் மீனுக்கு வழி உண்டு. நரம்பு செல்களைத் தாங்கி நிற்கும் முல்லர் செல்கள் பிரிந்து, புது நரம்பு செல்களைத் தருகின்றன. வரிக்குதிரை மீனில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்கும் முல்லர் செல்கள் இருக்கு; ஆனால் அடிபட்டால் தழும்பு போடுவதோடு சரி. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயில் போன பார்வை போனதுதான். நம்ம வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேரிடம் டாக்டர்கள் இதைச் சொல்லியிருப்பார்கள்!

2017-இல் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வளர்ந்த எலிகளின் முல்லர் செல்களில் ஒரு மரபணுவை இயக்கி, கூடவே ஒரு மருந்தையும் கொடுத்தார்கள். சில செல்கள் நரம்பு செல்களாக மாறி, வெளிச்சத்துக்குப் பதிலும் தந்தன. ஆனால் கிடைத்தவை பெரும்பாலும் விழித்திரையின் நடு அடுக்கைச் சேர்ந்தவை. கிளாக்கோமாவில் அழிவது, மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் கேங்லியான் செல்கள். இங்கே உயிரியல் படிக்கும் தம்பி தங்கைகளே, வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கு.