நான்கடிப் பலகையில் ஒரு ரயில் யார்டு

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"யூடியூப் பார்த்துப் பொம்மை ரயில் விடுவது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். இரண்டு சின்னத் திருத்தங்களோடு ஆரம்பிக்கிறேன். முதலாவது, இது பொம்மை ரயில் அல்ல, மாதிரி ரயில். பொம்மையில் சக்கரம் பெரிதாக இருக்கலாம், ஜன்னல் சிறிதாக இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மாதிரி ரயிலில் எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். இரண்டாவது, வீடியோ பார்ப்பதால் மட்டும் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. பார்த்ததை நிறுத்திவிட்டுக் கையில் எடுத்துச் செய்யும்போதுதான் கற்பது ஆரம்பிக்கிறது. நான் இன்று சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான்.

முதலில் அளவு. உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. என்ற அளவு. அதில் நிஜ ரயிலை 87 மடங்கு சுருக்குகிறார்கள். என் என்ற அளவில் 160 மடங்கு. பிரிட்டனில் ஓ.ஓ. என்று ஒன்று உண்டு, அது ஏறக்குறைய 76 மடங்கு. வீடியோ தேடும்போது இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வங்கிப் பழக்கம், விடாது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். எச்.ஓ. அளவில் அது இருபத்து நான்கரை சென்டிமீட்டர். பதினெட்டுப் பெட்டி எக்ஸ்பிரஸ் வேண்டுமென்றால், இன்ஜினைச் சேர்க்காமலே 4.4 மீட்டர், அதாவது பதினாலரை அடி. ரயில் நிற்பதற்கு மட்டுமே இவ்வளவு இடம். அது ஓட வேண்டுமானால் சோபாவையும் சம்பந்தி வீட்டாரையும் வெளியே அனுப்ப வேண்டும். என் அளவில் போனாலும் எட்டு அடி.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில், பழைய கிடங்குக் கட்டடம் ஒன்றில், மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற காட்சிக்கூடம் இருக்கிறது. பிரெடெரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கியது. 2001 முதல் பொதுமக்கள் பார்க்கிறார்கள். ஆல்ப்ஸ் மலை, துறைமுகம், ஓடுபாதையில் எழும்பிப் பறக்கும் விமானம் என்று எல்லாம் அங்கே உண்டு. யார் மாதிரி ரயில் வீடியோ தேடினாலும் முதலில் இதுதான் வந்து நிற்கும். பார்த்தால் கண் நிறையும், ஆனால் கை ஓடாது. "இதெல்லாம் நமக்கு எங்கே?" என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம். பல பேருடைய ஆசை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

அதனால் எக்ஸ்பிரஸை விட்டுவிட்டுச் சரக்கு யார்டைப் பிடியுங்கள் என்கிறேன். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் வடிவமைத்த இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற அமைப்பு இதற்குப் பிரபலம். மொத்தம் மூன்று லைன், இரண்டு பாயின்ட். முதல் லைனில் ஐந்து வேகன் நிற்கலாம். மற்ற இரண்டிலும் மும்மூன்று. இன்ஜின் முன்னும் பின்னும் போய்வரும் பகுதியில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டுமே கொள்ளும். சிறிய நாலு சக்கர வேகன்கள் வைத்தால் நான்கடி நீளம், ஓரடி அகலப் பலகை போதும். புத்தக அலமாரி மேலேயே வைத்துவிடலாம்.

விளையாட்டு இதுதான். ஐந்து வேகன் முதல் லைனில், மூன்று வேகன் இரண்டாவது லைனில். எட்டுக்கும் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்தும் முதல் லைனில் நிற்க வேண்டும். ஒன்றைத் தாண்டி ஒன்று போகக் கூடாது. கையால் தூக்கி வைக்கக் கூடாது. எட்டில் ஐந்தை வரிசையாக எடுக்க எத்தனை வழி? 8 × 7 × 6 × 5 × 4, ஆக 6,720. தினம் ஒன்று ஆடினாலும் பதினெட்டு வருடத்துக்கு மேல் வரும். நம்மில் சில பேருக்கு அது போதும்!

இதற்கு ரயில்கூட வேண்டாம். எட்டுத் தீப்பெட்டியில் எண் எழுதி, மேஜையில் சாக்பீஸால் கோடு போட்டு, இன்றிரவே ஆடிப் பாருங்கள். ஒரு தீப்பெட்டியை வெளியே எடுக்க மூன்றை எங்கே ஒதுக்குவது என்று யோசிக்கும்போதுதான், யார்டில் ஷண்டிங் வேலை பார்த்தவர்களின் அருமை புரியும்.

இனி வீடியோவுக்கு வருகிறேன். நான் கடைப்பிடிப்பது "ஒரு வேலைக்கு ஒரு வீடியோ" என்ற விதி. அந்த வேலையை முடிக்காமல் அடுத்ததைத் திறப்பதில்லை. அதையும் மூன்று முறை பார்ப்பேன். முதல் முறை சும்மா முழுதாக. இரண்டாவது முறை நோட்டுப் புத்தகத்தோடு: என்ன கருவி, என்ன பொருள், எது முதலில், எவ்வளவு நேரம் காய வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இருபது நிமிட வீடியோவில் பசை காயும் ஒரு ராத்திரியை வெட்டி எறிந்திருப்பார்கள். மூன்றாவது முறை பொருளை முன்னால் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி. முக்கால் வேகத்தில் ஓட விட்டு ஆங்கில எழுத்துகளையும் போட்டுக்கொண்டால், அவர்களுடைய உச்சரிப்பும் புரிந்துவிடும்.

எந்த ஆசிரியரை நம்புவது? செய்கிறவருடைய கை படத்தில் தெரிய வேண்டும். எது தவறிப்போகும் என்று சொல்ல வேண்டும். ரயிலை மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரே வேலையை இரண்டு பேர் செய்வதைப் பாருங்கள். இருவரும் ஒத்துப்போகும் இடம் அவசியமானது, வேறுபடும் இடம் அவரவர் வசதி. ஒரு குறிப்பிட்ட பொருளை வாங்கச் சொல்வதிலேயே வீடியோ முடிந்தால் அது விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களிலும் சிக்கல் உண்டு. நம் ரயில்வே பிரிட்டன் வழக்கில் "பாயின்ட்", "ஸ்லீப்பர்", "வேகன்" என்கிறது. அமெரிக்காக்காரர் அவற்றையே "டர்ன்அவுட்", "டை", "பிரைட் கார்" என்பார். இரண்டு விதமாகவும் தேடினால் இரட்டிப்பு வீடியோ கிடைக்கும்.

சில வேலைகளில் காரணம் தெரிந்தால் பாதிச் சிரமம் குறையும். சாதாரண டி.சி. முறையில் தண்டவாளத்துக்கு அதிகபட்சம் 12 வோல்ட் போகிறது. வோல்ட்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும், பாசிட்டிவ் நெகட்டிவை மாற்றினால் திசை மாறும். டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறை பல இன்ஜின்களைத் தனித்தனியே ஓட்ட உதவும். ஒரே இன்ஜின் உள்ள யார்டுக்கு அது வேண்டியதில்லை.

பாயின்ட்டின் நடுவில் இரண்டு தண்டவாளம் சந்திக்கும் கிராசிங்கை, ஷார்ட் ஆகாமலிருக்கச் சில தயாரிப்புகளில் பிளாஸ்டிக்கில் செய்திருப்பார்கள். வேகமாக வரும் ரயில் அதைத் தாண்டிவிடும். மெதுவாக ஊர்ந்து வரும் நாலு சக்கர ஷண்டிங் இன்ஜின் மின்சாரம் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடும். ஆகவே யார்டுக்கு உலோகக் கிராசிங் உள்ள பாயின்ட்டும், அதிகச் சக்கரங்களிலிருந்து மின்சாரம் எடுக்கும் இன்ஜினும் நல்லது.

தண்டவாளத்துக்கு இடையே பொடி ஜல்லி போடுவது எல்லோருக்கும் பிடித்த கட்டம். வெள்ளை மரப்பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர், அதோடு பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு எதற்கு? அது நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. அது இல்லாவிட்டால் பசைநீர் முத்து முத்தாக உருண்டு ஜல்லியை இழுத்துப் போய்விடும். பாயின்ட்டின் அசையும் பகுதியில் பசை படவே கூடாது. ஒரு வாரம் ரயிலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஜல்லி. ஒட்டிய பிறகு தண்டவாளத்தைத் திருத்துவது பெரும்பாடு.

வெளிநாட்டு வீடியோவில் வராத நம் ஊர் விஷயங்களும் உண்டு. பால்கனி வேண்டாம். வெயிலில் தண்டவாளம் நீளும், பிளாஸ்டிக் கோணும், மிச்சத்தைப் புறா பார்த்துக்கொள்ளும். தூசியால் தண்டவாளம் அழுக்காகி இன்ஜின் திக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் கீறல் விழுந்து அதில் அழுக்கு இன்னும் சேரும். டி.வி. பெட்டியோடு வரும் தெர்மகோல் மலை செய்ய அருமையானது. ஆனால் கரைப்பான் கலந்த ரப்பர் பசை அதைக் கரைத்துவிடும். பற்றவைப்பு வேலை செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். 230 வோல்ட் பக்கத்தை யாரும் பிரிக்க வேண்டாம், தயாராக விற்கும் அடாப்டரே போதும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆணி அடிக்கவும் வேண்டாம். கீழ் வீட்டில் தூங்குவார்கள்.

நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். எச்.ஓ. தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்குச் சரியான அளவு. நம் பாதையை 87 மடங்கு சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஆகவே நம் ரயிலை அதில் ஓட்டினால் பாதை கொஞ்சம் ஒடுங்கித்தான் தெரியும். ஊட்டி மலை ரயில் மீட்டர் கேஜ் என்பதால் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு ஏறக்குறைய பொருந்தும். வாங்கும் முன் இதை மனத்தில் வையுங்கள். பொருளின் விலையோடு அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் கூட்டிப் பாருங்கள். ஒரு இன்ஜின், எட்டு வேகன், இரண்டு பாயின்ட், கொஞ்சம் தண்டவாளம், ஒரு கண்ட்ரோலர். முதல் வருடத்துக்கு இந்தப் பட்டியல் போதும்.

கடைசியாக ஒன்று. வீடியோ நமக்குச் சொல்லும், ஆனால் நாம் கேட்டால் பதில் சொல்லாது. நம் இன்ஜின் ஏன் நிற்கிறது என்று அதனிடம் கேட்க முடியாது. பக்கத்து பிளாக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பையனிடம் கேட்கலாம். யார்டு எப்படி இருக்கும் என்று ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவரிடம் கேட்கலாம். மரவேலை தெரிந்தவர், படம் வரையத் தெரிந்தவர் எல்லோரும் நம் லிஃப்டிலேயே ஏறி இறங்குகிறார்கள். தலையை ஆட்டிக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் தொடங்கிய மாதிரி ரயில் கழகத்தில் ரயிலுக்கு ஒயர் இழுத்த மாணவர்கள் சிலர், பின்னால் கம்ப்யூட்டர் உலகின் முன்னோடிகளானார்கள். இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை. நூலக அறைச் சுவரோரம் நான்கடி இடமும், ஒரு பிளக் பாயின்ட்டும், ஞாயிறு காலை ஒரு மணி நேரமும் கொடுங்கள். பணம் கேட்கவில்லை. செலவை விருப்பமுள்ளவர்கள் பகிர்ந்துகொள்வோம், கணக்கை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். ஓய்வு பெற்றவர்களுக்கு வீடியோ பார்த்தே பொழுது கழிந்துவிடக் கூடாது. பிள்ளைகளுக்கும்தான். இரண்டு தரப்பும் ஒரே பலகையில் குனிந்து வேலை செய்தால், அதற்குள் ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நமக்கு லாபம்தான்.

அனுமதி கிடைக்கும்வரை தீப்பெட்டி இருக்கிறது. ஐந்து வேகனையும் வரிசைப்படுத்த உங்களுக்கு எத்தனை நகர்வு ஆயிற்று என்று எழுதி வைத்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.