மாற்று ஆட்டக்காரரை வளர்த்தெடுப்போம்

(தல்லாகுளத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குறுவட்டப் போட்டி நெருங்கும்போது நம் பள்ளிகளில் அடிக்கடி எழும் ஒரு சிக்கல் இது. கபடி அணியின் சிறந்த கார்னர் ஆட்டக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். உடனே நம் முன் இரண்டு வழிகள் தெரிகின்றன. க்ரேப் பேண்டேஜ் சுற்றி அவரையே களமிறக்குவது ஒன்று. அதுவரை தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்த பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்துவது இன்னொன்று. இரண்டிலும் பாதிப்பு பிள்ளைக்குத்தான். வேறொரு வழி இருக்கிறது. அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நான் கணித ஆசிரியர். மாலையில் உடற்கல்வி ஆசிரியருக்குத் துணையாக மைதானத்தில் நிற்பவன். அங்கே நான் கவனித்தது, பாடிச் செல்பவருக்கே கைதட்டல் கிடைக்கிறது. ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடிப்பவரின் பெயர்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. அவர் இல்லாத நாளில்தான் அவருடைய அருமை தெரிகிறது.

2021 ஜனவரியில் பிரிஸ்பேன் கபா மைதானத்தில் நடந்த டெஸ்ட் உங்களுக்கு நினைவிருக்கும். பும்ரா, அஸ்வின், ஜடேஜா, விஹாரி எனக் காயப்பட்டோர் பட்டியல் நீண்டிருந்தது. சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் சென்னை வாஷிங்டன் சுந்தருக்கும் அதுவே முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட் எடுத்தார்கள். இந்தியா 6 விக்கெட்டுக்கு 186 என்று தடுமாறியபோது சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் 123 ரன் சேர்த்தார்கள். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் முதன்முறையாகத் தோற்றது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. டி20 தொடர் முடிந்த பிறகும் இருவரும் வலைப்பயிற்சிக்காக அணியுடனேயே இருந்தவர்கள். வாய்ப்பு வருமுன்பே தயாரிப்பு நடந்துகொண்டிருந்தது.

இதை நம் பள்ளியிலும் செய்யலாம்.

முதலாவது, கபடி அணியில் களத்தில் 7 பேர், மாற்று ஆட்டக்காரர் 5 பேர். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டாவது ஆள் யார் என்று ஜூன் மாதமே முடிவு செய்துவிடுவோம். வாரத்தில் ஒரு நாளாவது மாற்று கார்னர், முதல் அணியின் கவர் ஆட்டக்காரரோடு கைகோத்து ஆடட்டும்.

இரண்டாவது, புதியவருக்கு ஒரே ஒரு வேலை கொடுப்போம். எல்லாப் பிடிகளும் வேண்டாம், கணுக்கால் பிடி போதும். பாடி வந்தவர் திரும்பும் வரை காத்திருப்பது, இரு கைகளாலும் ஒரு காலைப் பிடிப்பது, கவர் வந்து மூடும் வரை விடாமல் இருப்பது. இதை முதலில் நடை வேகத்திலும், பிறகு பாதி வேகத்திலும், கடைசியாக முழு வேகத்திலும் பழக்கலாம்.

மூன்றாவது, காயப்பட்டவரையே பயிற்றுநராக்குவோம். எங்கள் அணியில் பத்தாம் வகுப்பு மாணவிக்கு முழங்கால் வீங்கியது. அவருடைய இடத்துக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் வந்தார். உடல் பருமனைக் கேலி செய்வார்களோ என்று மைதானத்துக்கே வரத் தயங்கியவர். மூத்தவர் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மூஞ்சியப் பாக்காதடி, காலப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அரையிறுதியில் தோற்றோம். ஆனால் அன்று இளையவர் மூன்று பேரைப் பிடித்தார். மூத்தவர் முழுதும் குணமடைந்து மறு ஆண்டு ஆடினார். நானும் தேவைப்படுகிறேன் என்ற உணர்வு இருந்ததால், சீக்கிரம் இறக்கிவிடச் சொல்லி அவர் அடம்பிடிக்கவே இல்லை.

நான்காவது, திரும்பி ஆடுவதற்கு ஒரு வரிசையை எழுதி ஒட்டிவைப்போம். மருத்துவர் அனுமதித்த பின், வலியின்றி நடக்க வேண்டும், ஓட வேண்டும், திரும்ப வேண்டும், ஒற்றைக் காலில் குதிக்க வேண்டும். அதன்பின் பயிற்சி, அதற்கும் பின்புதான் போட்டி. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்தட்டு இருக்கிறது. சுளுக்கு என்று நாம் நினைப்பது அங்கே பட்ட அடியாகவும் இருக்கலாம். தலையில் அடிபட்டு மயக்கமோ தலைசுற்றலோ வந்தால், பிள்ளை நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அன்று ஆட்டம் கிடையாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

காயத்தைக் குறைக்கவும் வழியுண்டு. ஃபிஃபா 11 பிளஸ் என்னும் 20 நிமிட உடல் தயாரிப்பில் மெது ஓட்டம், வலிமை மற்றும் சமநிலைப் பயிற்சி, வேக ஓட்டம் என மூன்று பகுதிகள் உள்ளன. கால்பந்துக்காக உருவானது என்றாலும் முழங்காலும் கணுக்காலும் எல்லா விளையாட்டுக்கும் பொதுதானே!

கோப்பை அடுத்த ஆண்டும் வரும். பதினைந்து வயது முழங்கால் ஒரு பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் வேண்டும். நாளை மைதானத்துக்குச் செல்லும்போது, வெளியே நிற்கும் ஐவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இந்த வாரம் அவருக்குக் கற்றுத்தரப்போகும் ஒரே ஒரு வேலையைக் குறியுங்கள்.